அரிக்காத கை

சொறியாதே என்று சொன்னால்தான் சொறியத் தோன்றும், அது மனுஷ சுபாவம். ஆனால் அம்சவேணிக்கு அந்த நினைப்பே வரவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு கைகளையும் முழங்கை வரை மேசைமேல் மல்லாத்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஜெசிந்தா நீலப் பேனாவால் தோலில் வரிசையாக எண் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு விட்டு, சொட்டின் நடுவில் சின்ன முள் மாதிரி ஒன்றால் குத்திவிட்டு, "கால் மணி நேரம் இப்படியே இருங்கம்மா. எது உங்களுக்கு ஆகாதோ அது மட்டும் கொசு கடிச்ச மாதிரி வீங்கும். அரிச்சாலும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். சொட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்றும் போகிற போக்கில் சொல்லியிருந்தாள். சீமைக்கருவேலம் பூவின் மகரந்தம், பார்த்தீனியம், அருகம்புல், வீட்டுத் தூசியில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கரப்பான், பூனை முடி, சுவரில் பூக்கும் பூஞ்சை, எல்லாம் காற்றில் மிதந்து வந்து மூக்குக்குள் போகிறவையாம். கேட்டதும் அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. தாராபுரத்தில் இவற்றில் எது இல்லை? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊரில் பார்த்தீனியப் பூ பறக்காமல் என்ன செய்யும்? பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற சாமான்களில் எவன் திருடன் என்று தன் கையே காட்டிக்கொடுக்கப் போகிறது என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கடைத் தூசி என்று வந்துவிட்டால் என்ன செய்வது? அவர் மனசு கஷ்டப்படும். அவர் வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், நாச்சிமுத்து, அவளுடைய வீட்டுக்காரர். தாராபுரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவர் கோயமுத்தூரில் இங்கிலீஷ் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பதை யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று காலையில் இருந்தே அவளுக்கு ஒரு கூச்சம். அவரோ "உன்ற இஷ்டம் அம்மிணி" என்று மட்டும் சொன்னார். எதையும் தடுக்கிற மனுஷர் இல்லை அவர். அந்த விஷயத்தில் அவள் கொடுத்து வைத்தவள்தான்.

தும்மல் அவளுக்கு இன்று நேற்று வந்தது இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில், ஹோமப் புகை மூக்கில் ஏறி, கெட்டிமேளத்தையும் மீறி ஒரு தும்மல் தும்மினாள் பாருங்கள், ஐயர் மந்திரத்தை ஒரு நொடி நிறுத்திவிட்டார். மண்டபத்தில் சொந்தபந்தம், ஒரம்பரை எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஒற்றைத் தும்மல். இரட்டையாக வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, மங்களம் என்று சொல்லிச் சமாளித்திருப்பார்கள், ஆனால் அவளுக்கு முதலில் ஒற்றையாகத்தான் வரும், கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் சரம் சரமாக வரும். மாமியார் அன்றைக்கே குறித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யார் எங்கே நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் அம்சவேணி கொல்லைப்புறத்துக்குப் போய்விட வேண்டும். மாமனார் பத்திரப் பதிவுக்குக் கிளம்பினால் போக வேண்டும், நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தால் போக வேண்டும். முந்தானையை மூக்கில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, மாட்டுக்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தும்மலை அடக்கினால் அது காதுக்குள் போய் வெடிக்கும். ஒருமுறை மாமனார் படி இறங்கிக்கொண்டிருந்தபோது அடக்க முடியாமல் போய்விட்டது. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரமாக வைத்த விதம் இருக்கிறதே, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மாமியார் சாப்பாட்டு நேரத்தில் பொதுவாகச் சொல்லுவாள், "மூக்கைப் பாத்துப் பொண்ணெடுக்கோணும்னு எங்கம்மா சொல்லுவா, நாந்தான் கேக்கலை." எல்லாரும் சிரிப்பார்கள். நாச்சிமுத்து மட்டும் சிரிக்க மாட்டார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அப்படி எழுந்து போன ஒரு நாளில்தான் அவளிடம் வந்து, "நானே உனக்கு ஒரு மருந்து அரைக்கறேன் புள்ள. உன்ற தும்மலை நிறுத்திக் காட்டாட்டி நான் கடையையே மூடிர்றேன்" என்று சொன்னார். அவள் வாழ்க்கையில் ஒரு ஆம்பளை அவளுக்காகச் சபதம் போட்டது அந்த ஒருமுறைதான். ஒரு பெண்ணுக்கு ஒருமுறை போதாதா?

ஒரு மழைக்காலம் முழுக்க அரைத்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை, தூதுவளை, அதிமதுரம், நொச்சி, கண்டங்கத்திரி. இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவு. தேனில் குழைத்து அவரே விரலால் எடுத்து நாக்கில் தடவுவார். முதலில் ஒன்றும் நிற்கவில்லை. தும்மிக்கொண்டேதான் இருந்தாள். அவருக்கு முகம் செத்துப்போகும், அவருக்காகவாவது நிற்கக் கூடாதா என்று அவளே மூக்கைத் திட்டிக்கொள்வாள். பிறகு ஒரு நாள் ராத்திரி புதிதாகக் கலந்த பொடியை நாக்கில் வைத்தார், கொஞ்சம் கசந்தது. அன்றைக்கு அடித்துப் போட்டமாதிரி தூங்கினாள். காலையில் எழுந்தால் மூக்கு காய்ந்து, நாக்கு வறண்டு கிடக்கிறது, வீடு பெருக்குகிறாள், உமி புடைக்கிறாள், ஒரு தும்மல் இல்லை. அவரைத் தேடிக்கொண்டு கடைக்கே ஓடினாள், ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். அவரும் கண் கலங்கினார், அதை அவள் பார்த்தாள், அது பொய்யாக இருக்க முடியாது. அந்தப் பொடிக்கு அவளுடைய பெயரையே வைத்தார். அம்சவேணி சூரணம். டப்பா மேல் அவளுடைய படம், கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் ஸ்டூடியோவில் எடுத்தது, தலை நிறையக் கனகாம்பரம். பல்லடம் வரைக்கும், காங்கயம் வரைக்கும் அந்த டப்பா போகிறது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினவர்கள் கடைசியில் தேடிக்கொண்டு வருகிறார்கள். கல்லாவில் அவள் உட்கார்ந்திருப்பாள், சுற்றி மூட்டை மூட்டையாகச் சரக்கு, தூசி பறக்கும், அவர் அவளைக் காட்டிச் சொல்லுவார், "என்ற ஊட்டுக்காரியப் பாருங், இந்தத் தூசியில ஒரு தும்மல் உண்டுங்ளா?" வாங்க வந்தவர்கள் அவள் மூக்கைப் பார்ப்பார்கள். மாமியார் மூக்கைப் பார்த்ததற்கும் இவர்கள் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம். சாகிறதற்கு முன்னால் மாமியாரே ஒரு நாள், "எம் பையன் உனக்கு மூக்கு வாங்கிக் குடுத்துட்டான்டி" என்று சொன்னாள். சரக்கை இடிப்பதும் சலிப்பதும் ஆட்கள்தான், ஆனால் கடைசிக் கலப்பு அவர் மட்டும். தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கலப்பார். பேச்சு விழக் கூடாது, ஆள் நிழல் விழக் கூடாது, விழுந்தால் மருந்து முறிந்துவிடும். அது அவர்கள் வழியில் வந்த முறையாம். கதவுக்கு வெளியே அவள்தான் காவல். பால்காரர் வந்தாலும், பேத்தி மாதிரி ஓடிவரும் பக்கத்து வீட்டுக் குழந்தை வந்தாலும், சொந்த மகளே வந்தாலும் உதட்டில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். கோயில் நடை சாத்தியிருக்கிறபோது வெளியே நிற்கிற மாதிரி ஒரு நிறைவு அவளுக்கு அதில் இருந்தது.

சொட்டுகள் அப்படியேதான் இருந்தன. மின்விசிறிக் காற்றில் ஒன்று மட்டும் லேசாக நடுங்கியது. கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம், அது ஒரு சாபம். படுத்தால் பிணம் என்று வீட்டில் பெயர். அந்தப் பெயரை நினைத்தால் உடனே சிந்துஜா ஞாபகம்தான் வரும், கைக்குழந்தையாக இருந்த சிந்துஜா, காய்ச்சல் கண்டு ராவெல்லாம் கத்தியிருக்கிறது, பக்கத்திலேயே படுத்திருந்த பெற்றவளுக்குக் காது கேட்கவில்லை. விடிந்து மாமியார் வந்து உலுக்கி எழுப்பினபோது குழந்தைக்கு வலிப்பு கண்டு ஓய்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டது, நன்றாகத்தான் இருக்கிறது, இதே கோயமுத்தூரில் பேங்கில் வேலை பார்க்கிறது, ஆனாலும் அம்சவேணி அந்த ராத்திரியை யாரிடமும் பேசுவதில்லை. தாய்க்குத் தூக்கம் ஏது என்பார்கள். எனக்கு மட்டும் எப்படி வந்தது? எருமைத் தோல் எனக்கு. வேறு எந்தத் தாயாவது இப்படித் தூங்குவாளா? இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்தும் போயிற்று. தூங்காமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தாள், கண்ணில் தண்ணீர் அடித்தாள், நடந்தாள், வெற்றிலை போட்டாள். பொடி சாப்பிடுகிறவர்களும் தூக்கம் வருகிறது என்றுதான் சொல்லுவார்கள். மூலனூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒருத்தர், குணசீலன் என்று பேர், மாசாமாசம் வருவார், "பொடி அருமைங்க்கா, ஆனா ஸ்டியரிங்குல சொக்குதுங்" என்றார். "ஒடம்புல இருக்கிற கோளாறெல்லாம் எறங்குறப்ப அப்படித்தானுங் சொக்கும்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லி இன்னொரு டப்பாவைக் கட்டிக்கொடுத்தாள். அவர் சமீபத்தில் வரவில்லை. ஏன் வரவில்லை? வேறு ரூட் கிடைத்திருக்கும். லாரிக்காரர்களுக்கு ரூட் மாறுவது சகஜம்தான்.

இந்த டெஸ்ட்டுக்கே சிந்துஜாதான் காரணம். வீட்டுக்காரர் சிநேகிதர்களோடு காசிக்குப் போயிருந்தபோது ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது, கடையில் இருந்த டப்பா எல்லாம் விற்றுப்போய், தனக்கென்று வைத்திருந்ததையும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது தும்மல். பழைய கல்யாண மண்டபத் தும்மல். கண் வீங்கி, மூக்கு ஒழுகி, ராத்திரி நெஞ்சில் விசில் சத்தம். சிந்துஜா வந்து பார்த்துவிட்டு, "எதுனாலேன்னு தெரியாமயே காலம் பூரா பொடி தின்னுட்டிருப்பியாம்மா?" என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் ராத்திரிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். போட்ட ராத்திரியே தும்மல் நின்றது, அதே தூக்கம், காலையில் அதே நாக்கு வறட்சி. அவர் காசியிலிருந்து வந்ததும் அம்சவேணி அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். "இங்கிலீஷ்காரன் மாத்திரையும் உங்க பொடியும் ஒரே மாதிரி வேலை செய்யுதுங்க. அவன் கண்டுபிடிச்சத நீங்க இங்க உக்காந்தே கண்டுபிடிச்சிருக்கீங்க." அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தாள். அவர் காசிக் கயிற்றை எடுத்து அவள் கையில் கட்டிக்கொண்டே பேச்சை மாற்றினார். அடக்கம் என்று நினைத்தாள். பிறகு டாக்டர் டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னால் மாத்திரையை நிறுத்தச் சொன்னபோது, அதை அவரிடம் அப்படியே சொல்லாமல், "மாத்திரைய உட்டுட்டனுங்க, இனி உங்க பொடிதான்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் சொல்லி நிறுத்தியதாகத் தெரிய வேண்டாம், தானாகவே அவரிடம் திரும்பி வந்த மாதிரி இருக்கட்டும் என்று ஒரு ஆசை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நேற்று ராத்திரிகூட அவரே தேன் குழைத்துக் கொடுத்தார். பொடியையும் நிறுத்த வேண்டுமா என்ற யோசனையே அவளுக்கு எழவில்லை. மருந்தென்றால் மாத்திரை, ஊசி. வீட்டில் அரைக்கிற பொடியை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? ரசம் வைக்கிற சாமான்தானே அதில் பாதி.

அவள் கைகளைக் குனிந்து பார்த்தாள். இந்நேரம் ஏதாவது வீங்கியிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. சீமைக்கருவேலமும் இல்லை, பார்த்தீனியமும் இல்லை, பூனையும் இல்லை, கரப்பானும் இல்லை. குத்தின இடத்தில் ஊசி முனையளவு சிவப்பு, அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மெல்லப் புரிந்தது, புரிந்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. எனக்கு ஆகாதது என்று எதுவுமே இல்லை! பொடி வேரோடு பிடுங்கிவிட்டது. சும்மா தும்மலை அமுக்கி வைக்கவில்லை, நோயையே எடுத்துவிட்டது. இதை டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டால் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாம். சிந்துஜா இனிமேல் அப்பாவைக் கேலி செய்யட்டும் பார்க்கலாம். வெளியே ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அன்றைக்குக் கடைக்கு ஓடினது போலவே. ஜெசிந்தா உள்ளே வந்து சொட்டுகளை ஒற்றியெடுத்துவிட்டு, சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே எழும்பலை பாத்தீங்ளா" என்று அம்சவேணி சிரித்தாள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடைசிப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். "இதுகூட எழும்பலையேம்மா."

"அது எதோடதுங்க? நாய் முடியோடதா?"

"இது எதோடதும் இல்லம்மா. இது யாருக்குக் குத்தினாலும் வீங்கணும். எனக்குக் குத்தினாலும் வீங்கும், டாக்டருக்குக் குத்தினாலும் வீங்கும். அரிப்பை உண்டாக்குற சரக்கே இதுலதான் இருக்கு. தோல் முழிச்சிருக்கா, தூங்குதான்னு பார்க்குறதுக்குத்தான் வைக்கிறது. இது வீங்கலைன்னா மத்த எதையும் நம்ப முடியாது." ஜெசிந்தா அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "அலர்ஜி மாத்திரை போட்டுட்டு வந்துட்டீங்களா?"

"சத்தியமா இல்லீங். டாக்டர் சொன்ன நாள்லயே நிறுத்திட்டனுங்க."

ஜெசிந்தா டாக்டரைக் கூப்பிடப் போனாள். அம்சவேணி அந்தக் கடைசிப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் வீங்குமாம். எனக்கு மட்டும் வீங்காதாம். எருமைத் தோல் என்று நானே சொல்லிக்கொள்வேனே, அதுதானோ? நிறுத்தின மாத்திரை இன்னும் உடம்பில் தங்கியிருக்குமோ? சிலருக்குத் தங்கும். ஆனால் மாத்திரையை நிறுத்தின இந்த வாரத்தில் ஒரு தும்மல் இல்லையே, அது ஏன்? பொடி சாப்பிட்டேன், அதனால் இல்லை. பொடி தும்மலை நிறுத்தும். மாத்திரையும் தும்மலை நிறுத்தும். பொடியில் தூக்கம் வரும், மாத்திரையிலும் தூக்கம் வரும், நாக்கு வறண்டுபோகும், ஒரே மாதிரி வேலை செய்யுதுங்க என்று என் வாயாலேயே சொன்னேனே. சொன்னபோது அவர் பேச்சை மாற்றினாரே. இல்லை, கயிறு கட்டினார். கயிறு கட்டிக்கொண்டே மாற்றினார். அவள் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அது நிற்கவில்லை. அந்தக் கசப்பு. முதல் தடவை தும்மல் நின்ற அன்றைக்கு நாக்கில் பட்ட அந்தப் புதுக் கசப்பு. ஆடாதோடை கசக்கும், ஆனால் ஆடாதோடை அதற்கு முன்பும்தான் இருந்தது. அன்றைக்குப் புதிதாக என்ன சேர்ந்தது? கதவைச் சாத்திக்கொண்டு கலந்தாரே, அந்த முறைகூட அப்போதுதானே ஆரம்பித்தது. வழியில் வந்த முறை என்றாரே, மாமனார் இருந்தவரை நடுக்கடையில் வெற்றிலை மென்றுகொண்டு, வருகிறவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டுதானே கலப்பார். இத்தனை வருஷம் இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் எதற்குக் காவல் நின்றேன்? எதை யார் பார்த்துவிடக் கூடாது என்று என் மகளைத் திருப்பி அனுப்பினேன்? சிந்துஜா கத்தின ராத்திரியும் பொடி தின்றுவிட்டுத்தானே படுத்தேன், நான் தூங்கினேனா, தூங்க வைக்கப்பட்டேனா? உடனே இன்னொரு பக்கம் மனசு ஓடிப்போய் அவருக்காக வாதாடியது. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்போதெல்லாம் எதில்தான் கலப்படம் இல்லை? ஈரோட்டுக்காரன் அனுப்புகிற திப்பிலி மூட்டையில் எதையாவது தெளித்து அனுப்பியிருப்பான். இடிக்கிற ஆட்களில் எவனாவது செய்திருப்பான். அவரையும்தான் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், தெரிந்தால் மனுஷர் உடைந்துபோவார், அவருக்கு எப்படிச் சொல்வது? ஆமாம், அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் அன்றைக்குக் கண் கலங்கினதை நான் பார்த்தேன். வேலியே பயிரை மேயும் என்று ஊரில் ஆயிரம் சொல்லட்டும், இந்த வேலி அப்படிப்பட்டது இல்லை.

டாக்டர் வந்து அவள் கையைப் பார்த்தார். சின்ன வயசுக்காரர், குரல் உயர்த்தாதவர். "இருமல் டானிக், சளி மாத்திரை, தூக்க மாத்திரை, ஏதாச்சும் எடுத்தீங்களாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லீங்க."

"நாட்டு மருந்து?"

"ஒரு பொடி சாப்பிடறதுண்டுங். அது மருந்தில்லீங்க, சுக்கு மிளகு திப்பிலிதானுங்."

"தினமுமா?"

"தினமும்தானுங்."

டாக்டர் அந்தக் கடைசிப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். "சுக்கும் மிளகும் இந்தப் புள்ளியை அமுக்காதும்மா. அந்தப் பொடியில யாரோ மாத்திரையை அரைச்சுக் கலக்குறாங்கன்னுதான் எனக்குத் தோணுது. நான் நிறையப் பார்த்திருக்கேன். பேரு என்ன அந்தப் பொடிக்கு?"

அவளுடைய பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. மேசைமேல் இருந்த அவளுடைய சீட்டிலும் அதே பெயர்தான் எழுதியிருந்தது.

"பேரெல்லாம் இல்லீங்க" என்றாள். "தெருவுல வித்துட்டு வந்தாங்க. வாங்குனேன்."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

டாக்டர் நம்பினாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை. பொடியை முழுசாக ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். தும்மல் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும், மூச்சு வாங்கினால் மட்டும் உடனே வர வேண்டும் என்றார். "இதுல தூக்கம் வர்ற மாத்திரையும் இருக்கலாம்மா. வண்டி ஓட்டுறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க யாராச்சும் அதை வாங்குறதாத் தெரிஞ்சா சொல்லி வைங்க." அவள் சரி என்று தலையாட்டினாள். ஜெசிந்தா பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டு எண்களைத் துடைத்துவிட வந்தாள். பாதி அழிந்தது, பாதி அழியவில்லை. போதும் என்று அம்சவேணி கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை நடப்பதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தாள். அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். சொன்னதும் அவருக்குக் கோபம் வரும், "எந்தப் பய செஞ்ச வேலை இது" என்று எகிறுவார், இப்போதே போய் மூட்டைகளை எல்லாம் பிரித்துக் கொட்டுகிறேன் என்பார். அவர் அப்படி எகிற வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும், இன்று காலையில் எந்த மனசோடு பஸ் ஏறினாளோ அதே மனசோடு திரும்பிப் போய்விடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் கேட்டுப் பெற்றது என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இந்த ஒரு கோபத்தை மட்டும் அவர் கொடுத்தால் போதும். சாமியை வேண்டிக்கொண்டேதான் கதவைத் தள்ளினாள்.

நாச்சிமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். "என்ன சொன்னாங்க? எது ஆவாதாம்?"

"டெஸ்ட்டு செல்லாதுன்னுட்டாங்க." அவள் அவர் கண்ணையே பார்த்தாள். "நான் சாப்பிடற பொடியில அலர்ஜி மாத்திரைய அரைச்சுக் கலந்திருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. அத ஒரு வாரம் நிறுத்துனாத்தான் டெஸ்ட்டே எடுக்க முடியுமாமா."

அவர் எகிறவில்லை. முதலில் இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் பார்த்தார். அவள் தோளைத் தொட்டு ஜன்னல் பக்கமாக ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

"கடை பேரச் சொல்லிட்டியா?"

அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். அவர் மூச்சை இழுத்து விட்டார். முகம் தெளிந்தது. அவளுடைய கையை எடுத்து, அழியாமல் நின்றிருந்த எண்களின்மேல் கட்டை விரலால் மெதுவாகத் தடவினார்.

"இத்தன எடத்துல குத்தியிருக்காங்களே, வலிச்சிருக்குமே" என்றார். "இப்படி டெஸ்ட்டுக்கு நிறுத்தோணும்னு நீ முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உனக்கு மட்டும் அது போடாமத் தனியாக் கலந்து குடுத்திருப்பனே அம்மிணி."

எப்போதும் போலப் பிரியமாகத்தான் சொன்னார்.